உஷ்ணத்தை ஏற்றும் வித்தை: காவிரி டெல்டாவின் பொறியியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களே,

தஞ்சையிலும் வல்லத்திலும் செங்கிப்பட்டியிலும், எங்கள் பட்டுக்கோட்டைக்கு அருகே ராஜாமடத்திலும் உள்ள பொறியியல் கல்லூரிகளில் இயந்திரவியல் போதித்து வரும் உங்கள் அனைவருக்கும் பொதுவாக இம்மடலை எழுதுகிறேன். கட்டடங்களுக்குக் குளிரூட்டும் யந்திரங்களை அமைக்கும் தொழிலில் ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்டுவிட்டு, இப்போது சொந்த ஊரில் தங்கியிருக்கும் ஒருவனுடைய வார்த்தைகள் இவை. ராஜாமடத்தின் பெயரைச் சொல்லும்போது, அங்கே 1910-ஆம் ஆண்டில் பிறந்து, 1957 முதல் பத்தாண்டுக் காலம் சென்னை ராஜ்யத்தின் கைத்தொழில் மந்திரியாக இருந்து, கிண்டி முதலிய தொழிற்பேட்டைகளுக்கு வழிகோலி, பின்னர் இத்தேசத்தின் ஜனாதிபதியாகவும் விளங்கிய ஆர். வெங்கட்ராமன் அவர்களை நினையாமல் இருக்க முடியாது. அவர் பிறந்த ஊரிலேயே இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி நடைபெறுவதும், அங்கே நெல் விவசாயிகளின் பிள்ளைகளும் மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் தென்னந்தோப்புக் கூலிகளின் பிள்ளைகளும் ஒரே பெஞ்சியில் அமர்ந்து யந்திர சாஸ்திரம் பயில்வதும் எனக்கு உள்ளபடியே ஆனந்தம் தருகின்றன. அந்தப் பிள்ளைகளை முன்னிட்டே உங்களிடம் ஒரு விண்ணப்பம் செய்துகொள்ள விரும்புகிறேன்.

கட்டடங்களுக்கான ஹீட் பம்ப் அமைப்புகளை வடிவமைக்கும் கல்வியை நீங்கள் உங்கள் மாணாக்கருக்கு முறையாக அளிக்க வேண்டும் என்பதே அந்த விண்ணப்பம். இதைக் கேட்டவுடன் உங்களில் சிலருக்கு, பனி பொழியும் தேசங்களில் வீட்டைச் சூடாக்க உதவும் ஒரு சாதனத்தைப் பற்றி, சித்திரை வெயிலில் தார் ரோடு இளகும் பட்டுக்கோட்டையில் பேசுவானேன் என்ற சந்தேகம் எழக்கூடும். அந்தச் சந்தேகம் இயல்பானதே. எனினும், நம் ஊர்க் கடைத்தெருவில் எந்த மாடியை நிமிர்ந்து பார்த்தாலும் வரிசை வரிசையாகத் தொங்கும் ஏ.சி. யந்திரங்கள் அத்தனையும் ஹீட் பம்புகளே என்பதையும், அவை அறைக்குள் இருக்கும் உஷ்ணத்தை எடுத்து வெளியே கொண்டுவந்து கொட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை என்பதையும் நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். குளிர் தேசத்தான் வெளிப்புறத்து உஷ்ணத்தை உள்ளே ஏற்றிக்கொள்கிறான். நாம் உட்புறத்து உஷ்ணத்தை வெளியே தள்ளுகிறோம். யந்திரம் ஒன்றே, சாஸ்திரமும் ஒன்றே.

இந்தச் சாஸ்திரத்திற்கு வயது குறைவன்று. 1824-ஆம் ஆண்டில் பிரெஞ்சு தேசத்து கார்னோ உஷ்ண யந்திரங்களின் எல்லையை நிர்ணயம் செய்தார். 1852-இல், பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று பட்டம் பெற்ற வில்லியம் தாம்சன், காற்றோட்டத்தின் மூலம் கட்டடங்களைச் சூடேற்றுவதையும் குளிர்விப்பதையும் சிக்கனமாகச் செய்யும் வழியை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். சூடேற்றுதல், குளிர்வித்தல் ஆகிய இரண்டையும் அவர் ஒரே தலைப்பின் கீழ் வைத்துச் சிந்தித்தார் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். 1938-இல் ஸுரிச் நகரத்தின் நகரமன்ற மாளிகையில், அதன் காலடியில் ஓடும் லிம்மாட் நதியின் ஜலத்திலிருந்து உஷ்ணத்தை இழுத்துக் கட்டடத்தைச் சூடாக்கும் யந்திரம் நிறுவப்பெற்று, அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்தது. அந்த அமைப்பை வடிவமைத்த பொறியியலாளர், நதியின் உஷ்ணநிலை எந்த மாதத்தில் எவ்வளவு என்று அறிந்த பிறகே யந்திரத்தின் அளவைத் தீர்மானித்திருக்க முடியும். அந்த வரிசைக் கிரமம், அதாவது முதலில் இடம், அடுத்துக் கட்டடம், அதன் பின்னரே யந்திரம் என்பது, நம் கல்லூரிகளின் பாடத்தில் தலைகீழாகிக் கிடக்கிறது என்பதே என் மனக்குறை.

நம் மாணவன் பரீட்சையில் என்ன எழுதுகிறான்? கம்ப்ரஸர், கண்டென்சர், விரிவு வால்வு, எவாப்பரேட்டர் என்று நான்கு பாகங்களையும் படம் வரைந்து, குளிர்பதன வாயுவின் அட்டவணையிலிருந்து எண்களை எடுத்து, செயல்திறன் குணகத்தைக் கணக்கிட்டு, விடையின் கீழே இரண்டு கோடு போட்டுவிட்டு எழுந்து போகிறான். அந்தக் கணக்கில் கட்டடம் இல்லை. அதில் குடியிருக்கும் மனிதர் இல்லை. ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது இல்லை. மழைக்காலம், வெயிற்காலம் என்ற பேதமும் இல்லை. அவனே பட்டம் பெற்றுத் தொழிலுக்கு வந்ததும், ஒரு மண்டபத்திற்கோ மருத்துவமனைக்கோ யந்திரம் தேர்வு செய்யச் சொன்னால், நூற்றிருபது சதுர அடிக்கு ஒரு டன் என்று கடைக்காரர் சொல்லும் வாய்க்கணக்கைத்தான் பிடித்துக்கொள்கிறான். நான்கு வருஷம் கற்ற சாஸ்திரம் அந்த வாய்க்கணக்கின் முன்னே வாயடைத்து நிற்கிறது.

இப்பகுதியில் ஒரு மருத்துவமனையை நான் பார்த்தேன். அதன் பெயர் வேண்டாம், அதைப் போன்றவை தமிழ்நாடெங்கும் இருக்கின்றன. மூன்றாம் மாடியின் கூரையில் ஏ.சி.யின் அவுட்டோர் யூனிட்டுகள் இரவும் பகலும் அனல் காற்றை ஊதிக்கொண்டிருந்தன. அதே கூரைக்கு நேர் கீழே, பிரசவித்த தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் வெந்நீர் வேண்டி, குளியலறைக்கு ஒன்றாக ஹீட்டர்கள் மின்சாரத்தை விழுங்கிக்கொண்டிருந்தன. ஒரே கட்டடத்தில், ஒரே மின்சாரக் கட்டணச் சீட்டில், ஒரு கையால் உஷ்ணத்தை எறிவதும் மறு கையால் அதையே விலைகொடுத்து வாங்குவதுமாகிய இந்தக் காரியத்தை எந்தப் பொறியியலாளரும் வேண்டுமென்று செய்யவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். ஆயிரம் லிட்டர் ஜலத்தை 27 டிகிரியிலிருந்து 57 டிகிரிக்கு ஏற்ற ஏறத்தாழ 35 யூனிட் சக்தி வேண்டும். சாதாரண மின்சார ஹீட்டரானால் அந்த 35 யூனிட்டையும் மின்சாரமாகவே கொடுத்தாக வேண்டும். செயல்திறன் குணகம் மூன்றரை உள்ள ஒரு ஹீட் பம்ப், மீதியைச் சுற்றுப்புறக் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டு, பத்து யூனிட்டில் அதே வேலையை முடித்துவிடும். இனி மற்றொரு கணக்கு: பத்து டன் குளிரூட்டும் யந்திரம் ஒன்று அறைகளிலிருந்து மணிக்கு 35 யூனிட் உஷ்ணத்தை எடுக்கிறது, கம்ப்ரஸர் உண்ணும் பதினோரு யூனிட்டையும் சேர்த்து, மணிக்கு 46 யூனிட் உஷ்ணத்தைக் கூரையில் கொட்டுகிறது. அதாவது அத்தகைய ஒரு யந்திரத்தால் மருத்துவமனையின் கூரையில் ஒரு மணி நேரத்தில் வீணாகும் உஷ்ணம், ஆயிரத்து முந்நூறு லிட்டர் ஜலத்தை அதே 30 டிகிரி சூடேற்றுவதற்குப் போதுமான அளவுடையது. இந்த இரண்டு கணக்குகளையும் செய்வதற்கு எட்டாம் வகுப்புக் கணிதம் போதும். ஆயினும், இவ்விரண்டையும் ஒன்றாக இணைத்து ஒரு கட்டடத்தில் அமைப்பதற்கு மட்டும் தேர்ந்த பயிற்சி வேண்டும். ஏனெனில் சிக்கல்கள் அனைத்தும் அந்த இணைப்பிலேதான் குடியிருக்கின்றன.

முதற் சிக்கல், ஏற்ற வேண்டிய உயரம். நம் வயல்களில் கிணற்று நீர்மட்டம் கீழே போகப் போக, அதே தண்ணீரை இறைப்பதற்கு மோட்டார் அதிகம் உழைக்க வேண்டியிருப்பது போலவே, உஷ்ணத்தை எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு ஏற்றுகிறோம் என்ற வித்தியாசம் வளர வளர, கம்ப்ரஸரின் உழைப்பும் வளர்கிறது. எவாப்பரேட்டர் 20 டிகிரியிலும் கண்டென்சர் 65 டிகிரியிலும் இருந்தால், கார்னோவின் விதிப்படி கிடைக்கக்கூடிய உச்ச குணகம் ஏழரை. நல்ல யந்திரம் அதில் பாதியை நெருங்கும். கண்டென்சரை 50 டிகிரியோடு நிறுத்திக்கொள்ள முடிந்தால், உச்ச குணகம் பதினொன்றை ஒட்டி வருகிறது. நடைமுறையில் ஐந்து கிடைக்கும். குளிர்கால ஸ்வீடனில் இந்த ஏற்றம் 70 டிகிரிக்கு மேலும் போய்விடுவதை எண்ணிப் பார்த்தால், நம் பிரதேசத்துக் காற்று எத்தகைய செல்வத்தைச் சுமந்து நிற்கிறது என்பது விளங்கும். வெந்நீருக்கான ஹீட் பம்பிற்குப் பட்டுக்கோட்டையைவிட உகந்த சீதோஷ்ணம் ஐரோப்பாவில் எங்கும் இல்லை.

அப்படியானால் ஜலத்தை 45 டிகிரிக்கு மட்டும் சூடாக்கி நிறுத்திக்கொள்ளலாமே, குளிப்பதற்கு அது போதுமே என்று ஒரு மாணவன் கேட்பான். அவன் கெட்டிக்கார மாணவன். அங்கேதான் ஆசிரியர் அவனுக்கு அடுத்த பாடத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வெதுவெதுப்பாகத் தேங்கி நிற்கும் ஜலத்தில் லெஜியோனெல்லா என்ற கிருமி செழித்துப் பெருகி, நீர்த்திவலைகளின் வழியாக நுரையீரலை அடைந்து, நோயுற்றவர்களையும் முதியவர்களையும் பீடிக்கும். ஆகையால் மருத்துவமனையில் வெந்நீரைத் தேக்கிவைக்கும் தொட்டி 60 டிகிரியில் இருக்க வேண்டும் என்பது பல தேசங்களில் ஏற்றுக்கொள்ளப்பட்ட விதி. சிக்கனம் ஒரு பக்கம் இழுக்கிறது, உயிர்ப் பாதுகாப்பு மறுபக்கம் இழுக்கிறது. கண்டென்சர் முழுவதையும் உயர்த்தினால் குளிரூட்டலின் மின்செலவு ஏறிவிடும். அப்போது என்ன செய்யலாம்? கம்ப்ரஸரிலிருந்து வெளிவரும் வாயு, கண்டென்சரின் உஷ்ணநிலையைக் காட்டிலும் மிகுந்த சூட்டோடு வருகிறது. அந்த மேற்சூட்டை மட்டும், மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு அளவு, தனி உஷ்ண மாற்றியில் எடுத்துத் தொட்டியின் இறுதிச் சூட்டிற்குப் பயன்படுத்தலாம். அல்லது 45 டிகிரி வரை கழிவு உஷ்ணத்தாலும், அதற்கு மேல் ஒரு சிறிய தனி ஹீட் பம்பினாலும் ஏற்றலாம். அல்லது சுத்த ஜலத்தைத் தேக்காமல், தேக்கிய வெந்நீரின் ஊடாகக் குழாயில் ஓடவிட்டு, ஓடும்போதே சூடேறச் செய்யலாம். இவற்றுள் எது சரி என்பது படுக்கைகளின் எண்ணிக்கையையும், வெந்நீர் தேவைப்படும் வேளையையும், போர் தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதையும் பொறுத்தது. இப்படித் தயங்கி, எடைபோட்டு, ஒரு முடிவுக்கு வந்து, அதற்குக் காரணம் எழுதத் தெரிந்தவனையே நான் வடிவமைப்பாளன் என்பேன்.

இதே மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் இன்னொரு விரயமும் உண்டு. கடற்கரைப் பிரதேசமாகிய நம் ஊரில் காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்தெடுக்க வேண்டி, அதை 12, 13 டிகிரி வரை குளிர்விக்கிறார்கள். பின்னர் அந்தக் காற்று மேசைமேல் கிடக்கும் நோயாளிக்கு மிகக் குளிராக இருக்கிறதென்று, மின்சாரக் கம்பிச்சுருளால் மறுபடியும் சூடாக்குகிறார்கள். அந்த மறுசூட்டிற்கு வேண்டிய உஷ்ணம் அதே யந்திரத்தின் கண்டென்சரில் இலவசமாகக் கிடைக்கிறது. ஈரக்காற்று வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் இந்த உதாரணத்தை நீங்கள் கரும்பலகையில் விளக்கினால், வரைபடத்தின் வளைகோடுகள் ஏன் இருக்கின்றன என்பது மாணவனுக்கு ஆயுள் முழுவதும் மறவாது.

ஈரத்தைப் பற்றிச் சொன்னேன். அதைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். நம் ஜில்லாவில் கட்டடம் வடிவமைப்பவர்கள், கையில் கிடைப்பது திருச்சியின் வானிலைத் தரவாதலால், அதையே எங்கும் பொருத்திவிடுகிறார்கள். திருச்சியோ உள்நாட்டுப் பிரதேசம்; கத்திரி வெயிலில் அங்கே 40 டிகிரியைத் தாண்டும், காற்றோ வறண்டிருக்கும். பட்டுக்கோட்டையிலிருந்து சில மைல் தூரத்திலுள்ள அதிராம்பட்டினத்தில் பிற்பகலில் கடற்காற்று வீசத் தொடங்கியதும் வெயிலின் உக்கிரம் தணிந்துவிடும்; ஆனால் காற்றில் ஈரம் மிகும். திருச்சியின் எண்களைக் கொண்டு இங்கே யந்திரம் தேர்ந்தெடுத்தால், உஷ்ணத்தைக் குறைப்பதற்கு வேண்டிய அளவுக்குமேல் பெரிய யந்திரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பெரிய யந்திரம் சில நிமிஷங்களிலேயே அறையைக் குளிரச் செய்து நின்றுவிடுகிறது. ஈரத்தைப் பிழிய அதற்கு அவகாசம் கிடைப்பதில்லை. அறை குளிர்ந்தும் பிசுபிசுப்பு நீங்காமல், சுவரில் பூஞ்சணம் படர்கிறது. அதிராம்பட்டினத்தில் இந்திய வானிலைத் துறையின் நிலையம் ஒன்று இயங்கி வருகிறது. அதன் பல்லாண்டுப் பதிவுகளை எடுத்து, மாதவாரியாகவும் வேளைவாரியாகவும் பிரித்து, இக்கடற்கரைக்கென்று ஒரு வடிவமைப்பு அட்டவணை தயாரிக்கும் வேலையை உங்கள் இறுதியாண்டு மாணவர்களுக்குக் கொடுங்கள். அதைவிடப் பிரயோஜனமான ஒரு ப்ராஜெக்ட் எனக்குத் தோன்றவில்லை. கல்யாண மண்டபத்தின் கணக்கையும் அதனோடு சேர்த்துக்கொள்ளலாம்: முகூர்த்த வேளையில் எண்ணூறு பேர் மூச்சு விடுகிறார்கள், பந்தியில் சாதத்தின் ஆவி எழுகிறது, கதவுகள் திறந்தே கிடக்கின்றன, மறுநாள் அந்த மண்டபத்தில் காவற்காரர் ஒருவர்தான் இருப்பார்.

வடிவமைப்பைக் கற்பிக்காமல் யந்திரத்தை மட்டும் பரப்பினால் என்ன நேரும் என்பதற்கு பிரிட்டனின் அனுபவம் சாட்சி சொல்கிறது. அங்கே 2008 முதல் 2010 வரை, குடியிருப்பு வீடுகளில் பொருத்தப்பட்ட 83 ஹீட் பம்புகளை ஒரு பொது ஸ்தாபனம் அளந்து பார்த்தது. தயாரிப்பாளரின் சோதனைச்சாலையில் சிறப்பாக உழைத்த யந்திரங்களில் பல, வீடுகளில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. வீட்டின் உஷ்ண இழப்பைச் சரியாகக் கணக்கிடாமை, குழாய்களையும் ரேடியேட்டர்களையும் அளவு பாராமல் அமைத்தமை, வீட்டுக்காரருக்கு யந்திரத்தை நடத்தும் விதத்தைச் சொல்லாமை ஆகியவையே பெருங் காரணங்களாக வெளிப்பட்டன. அதன் பின்னர் அந்நாட்டில் நிறுவுவோருக்கான விதிகளைத் திருத்தி எழுதினார்கள். அளந்து பார்த்ததனால் தவறு தெரிந்தது. தவறு தெரிந்ததனால் பாடம் மாறியது. நம் நாட்டில் பொருத்தியதை அநேகமாக எவரும் அளப்பதில்லை. ஆகவே பாடமும் மாறுவதில்லை.

அளந்து பார்க்கும் நற்பழக்கத்திற்கு இந்தியாவிலேயே ஓர் அழகிய திருஷ்டாந்தம் இருக்கிறது. ஹைதராபாத்தில் இன்போசிஸ் நிறுவனம் 2011-ஆம் ஆண்டில் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தை எழுப்பியபோது, அதை ஒன்றையொன்று ஒத்த இரு பாதிகளாகப் பிரித்து, ஒரு பாதியில் வழக்கமான முறையில் குளிர்காற்றை அனுப்பியும், மறு பாதியில் தளத்தின் கான்கிரீட்டிற்குள் பதித்த குழாய்களில் குளிர்ந்த ஜலத்தை ஓட்டியும், இரண்டையும் தனித்தனி மீட்டர் வைத்து அளந்தார்கள். தளத்தைக் குளிர்விக்கும் முறைக்கு மின்சாரம் 34 சதவீதம் குறைவாகச் செலவாயிற்று. காரணம் முன்னே சொன்ன ஏற்றத்தின் கணக்கே: காற்றைக் குளிர்விக்க 7 டிகிரி ஜலம் வேண்டியிருக்கும்போது, தளத்திற்கு 14 டிகிரி ஜலமே போதுமானதாகிறது, ஏற்றம் குறைந்ததும் உழைப்பும் குறைந்தது. இதை அப்படியே எடுத்து அதிராம்பட்டினத்தில் செய்தால் தளமெல்லாம் வியர்த்துக் கொட்டும் என்பதையும், முதலில் புதுக்காற்றின் ஈரத்தைத் தனி யந்திரத்தால் எடுத்துவிட்டால் இங்கும் அது கைகூடும் என்பதையும் மாணவனே கணக்கிட்டு உணர வேண்டும்.

பிற தேசத்து முறைகளை ஆராயாமல் ஏற்பதிலும் ஆபத்துண்டு. பூமிக்குள் நூறடிக்கும் மேற்பட்ட ஆழத்தில் குழாய் இறக்கி உஷ்ணம் எடுக்கும் முறையை ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் கொண்டாடுகிறார்கள். நம் டெல்டாவில் அந்த ஆழத்து மண், வருஷ சராசரிக் காற்றின் உஷ்ணநிலையை ஒட்டியே, 28 டிகிரிக்கு அக்கம்பக்கத்தில் இருக்கும். குளிரூட்டும் யந்திரத்திற்கு அது தரும் அனுகூலம் சொற்பம், தோண்டும் செலவோ அதிகம். புழுங்கல் அரிசி ஆலைகளுக்கும் நான் ஹீட் பம்பைச் சிபாரிசு செய்யமாட்டேன். உமி மலைபோல் குவிந்திருக்கும் இடத்தில் உஷ்ணத்திற்குப் பஞ்சமில்லை. ஆனால் பால் குளிரூட்டும் நிலையத்தில், ஒரு பக்கம் பாலை 4 டிகிரிக்கு இறக்க வேண்டும், மறு பக்கம் தொட்டிகளையும் குழாய்களையும் கழுவ வெந்நீர் வேண்டும். அங்கே இந்த யந்திரம் இரு கைகளாலும் வேலை செய்யும். தங்கும் விடுதிகளுக்குக் கோடையில் சூரிய வெந்நீர்க் கலன் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சூரியனைக் காணாத நாட்களுக்கு ஹீட் பம்ப் துணை நிற்கலாம். எங்கே வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த பொறியியலாளனின் பேச்சை, எங்கே வேண்டும் என்று அவன் சொல்லும்போது ஜனங்கள் நம்புவார்கள்.

இடத்தை அறிந்து வேலை செய்யும் மரபு நம் காவிரிக்கரைக்குப் புதிதன்று. ஆர்தர் காட்டன் கல்லணையை ஆராய்ந்தபோது, ஆழம் காண முடியாத மணலின்மேல் அஸ்திவாரம் போடும் யுக்தியை இந்நாட்டுப் பழைய நிர்மாணிகளிடமிருந்தே கற்றதாகப் பின்னாளில் ஒப்புக்கொண்டார். 1836-இல் முக்கொம்பிலும், அதன் பின்னர் கோதாவரியில் தவளேஸ்வரத்திலும் அவர் எழுப்பிய அணைகளுக்குப் பின்னால் அந்தப் பாடம் நிற்கிறது. மேட்டூர் அணை எழுந்த காலத்தில் வெட்டப்பெற்ற கல்லணைக் கால்வாய், நம் ஜனங்கள் புது ஆறு என்று அழைக்கும் அந்த நீரோட்டம், ஒரத்தநாட்டு மேட்டு நிலங்களையும் பட்டுக்கோட்டையையும் வளப்படுத்தியதற்கு முன்னால், எத்தனை பேர் இந்த மண்ணின் சரிவை அங்குலம் அங்குலமாக மட்டம் பார்த்திருப்பார்கள்! 1972-இல் நெல் பதனிடும் ஆராய்ச்சி நிலையமாகத் தோன்றி, இன்று தஞ்சையில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்திருக்கும் ஸ்தாபனமும் ஈரநெல்லின் கஷ்டம் என்ற இவ்வூர்ப் பிரச்சினையிலிருந்தே முளைத்தது. கட்டடத்தின் உஷ்ணத்தைப் பற்றி அத்தகைய சிரத்தையோடு ஆராயும் இடம் நம் பகுதியில் இன்னும் ஏற்படவில்லை.

காலமும் நம்மை நெருக்குகிறது. குளிர்பதன வாயுக்கள் வளிமண்டலத்தைச் சூடாக்குவதைத் தடுக்க 2016-இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் ஏற்பட்ட உடன்பாட்டை நம் அரசாங்கம் 2021-இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி 2032-இல் தொடங்கி, 2047-க்குள் இவ்வகை வாயுக்களின் உபயோகத்தை 85 சதவீதம் குறைத்தாக வேண்டும். இன்று உங்கள் வகுப்பில் அமர்ந்திருக்கும் இருபது வயது இளைஞன் தொழிலில் முதிர்ச்சி பெறும் வேளையில் அந்தக் கெடு வந்து நிற்கும். அப்போது அவன் கையாளப்போகும் வாயுக்களில் ஒன்று ப்ரொப்பேன். வளிமண்டலத்திற்குத் தீங்கு மிகக் குறைவு, ஆனால் நெருப்புப் பற்றும். எவ்வளவு வாயுவை எவ்வளவு பெரிய அறையில் வைக்கலாம், கசிந்தால் காற்று எந்த வழியாக வெளியேறும் என்பவையெல்லாம் வடிவமைப்பவனின் கணக்கில் சேர வேண்டியவை.

இந்திய அரசாங்கம் 2019 மார்ச்சில் வெளியிட்ட குளிரூட்டல் திட்டம், ஒரு லட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியளித்துச் சான்று வழங்குவதை ஓர் இலக்காக வைத்தது. அது மிகவும் போற்றத்தக்க நோக்கம். உங்கள் மாணாக்கரை அந்த மெக்கானிக்குகளோடு சேர்ந்து பழக விடுங்கள் என்றும் வேண்டிக்கொள்கிறேன். தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்துவிட்டு, கொளுத்தும் வெயிலில் மாடி விளிம்பில் அமர்ந்து காப்பர் பைப்பைப் பற்றவைக்கும் பையன், கடற்காற்றின் உப்பு எத்தனை வருஷத்தில் கண்டென்சரின் அலுமினியத் தகடுகளைப் பொடியாக்குகிறது என்பதையும், இரண்டு யூனிட்டுகளை நெருக்கமாக வைத்தால் ஒன்றின் அனலை மற்றொன்று எப்படி உறிஞ்சித் திணறுகிறது என்பதையும் கண்ணால் கண்டவன். பட்டதாரியின் கணக்கும் அவனுடைய கண்ணும் ஒன்று சேராதவரையில் நம் கட்டடங்கள் சரிப்படமாட்டா.

2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் கரையேறியபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளின் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்ததையும், மின்கம்பங்கள் முறிந்து கிராமங்கள் பல நாட்கள் இருளில் கிடந்ததையும் நாம் அனைவரும் அனுபவித்தோம். ஜெனரேட்டரை நம்பி நடக்க வேண்டிய அத்தகைய நாட்களில், 35 யூனிட் கேட்கும் ஹீட்டருக்கும் பத்து யூனிட் கேட்கும் ஹீட் பம்பிற்கும் உள்ள வித்தியாசம், பிரசவ வார்டில் வெந்நீர் உண்டா இல்லையா என்ற வித்தியாசமாகிவிடும். கூரையின்மேல் வைக்கும் யந்திரத்தைப் புயற்காற்று பெயர்த்துவிடாதபடி எப்படிப் பிணைப்பது என்பதும் இப்பகுதியில் வடிவமைப்புப் பாடத்தின் ஓர் அங்கமாக வேண்டும்.

இனி என் வேண்டுகோளைச் சொல்லி முடிக்கிறேன். வருகிற கல்வியாண்டில் உங்கள் ஒவ்வொரு கல்லூரியும் தன் ஊரிலுள்ள ஒரே ஒரு கட்டடத்தை, அது மருத்துவமனையோ மாணவர் விடுதியோ பால் நிலையமோ, தத்தெடுத்துக்கொள்ளட்டும். உடையவரின் சம்மதத்தோடு மின்சார மீட்டரும், நீர் மீட்டரும், உஷ்ணமும் ஈரமும் பதியும் கருவிகளும் வைத்து, சித்திரை முதல் பங்குனி வரை ஒரு முழு வருஷம் மாணவர்கள் அளந்து எழுதட்டும். எழுதியதைக் கொண்டு அந்தக் கட்டடத்திற்கு ஓர் அமைப்பை வடிவமைத்து, அதை உடையவர் முன்னிலையிலும், உள்ளூர் மெக்கானிக்குகள் முன்னிலையிலும் படித்துக் காட்டட்டும்; கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தெரிந்தவனுக்கே மதிப்பெண் கொடுங்கள். பரீட்சைத் தாளில் அந்த நான்கு பாகங்களின் படமும் இருக்கட்டும், குற்றமில்லை. இந்த முயற்சியில் இறங்கும் எந்தக் கல்லூரிக்கும், அளக்கும் கருவிகளைப் பொருத்துவதிலும் கணக்குகளைச் சரிபார்ப்பதிலும் என்னால் இயன்ற உழைப்பை ஊதியம் பெறாமல் தரச் சித்தமாயிருக்கிறேன். மாணவர்கள் எப்போது வேண்டுமானாலும் என் வீட்டுக்கு வரலாம்; கதவு திறந்தே இருக்கும்.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள,
பட்டுக்கோட்டையில் வசிக்கும் ஒரு குளிரூட்டற் பொறியியலாளன்